யாராவது கண்ணை மூடினார்களா?

என் கணவரிடம் ஒரு பழைய சின்ன டிஜிட்டல் கேமரா இருக்கிறது. சோப்புப் பெட்டியைவிட மெல்லியது. சட்டைப் பையில் போட்டால் இருக்கும் இடம் தெரியாது. படம் எடுத்து முடித்ததும், அதில் யாருடைய கண்ணாவது மூடியிருப்பதாக அதற்குத் தோன்றினால் திரையில் ஒரு கேள்வி கேட்கும். யாருடைய கண் என்று காட்டாது. கேட்டுவிட்டுச் சும்மா இருக்கும். அந்தக் கேள்வி தமிழில் வரும்: யாராவது கண்ணை மூடினார்களா?

எந்த மகராசன் எந்த ஊரில் உட்கார்ந்து இதை மொழிபெயர்த்தானோ தெரியாது. கண் சிமிட்டினார்களா என்று கேட்டிருக்கலாம். இமைத்தார்களா என்றாவது கேட்டிருக்கலாம். தமிழில் ஒருவர் கண்ணை மூடினார் என்றால் அவர் தூங்கிவிட்டார் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. எப்போது எடுக்கிறார்கள் என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும். அது படம் எடுப்பதைப் பற்றிய கேள்வி அல்ல.

கேமரா தமிழ் பேசுவதற்குக் காரணம் என் மாமனார். அவர் ஹைதராபாத் லாலாகுடா ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். தமிழ் தவிர வேறு எழுத்து சரளமாக வராது. அவர் பணி ஓய்வு பெற்ற அன்று, அப்பாவும் கேமராவைத் தொட்டுப் பார்க்கட்டும் என்று என் கணவர் யாரையோ கேட்டு அதைத் தமிழுக்கு மாற்றினார். அதற்குப் பிறகு திரும்ப மாற்றத் தெரியவில்லை. ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்து, இங்கிலீஷிலும் தெலுங்கிலும் படித்தவர் என் கணவர். தமிழ் நன்றாகப் பேசுவார். ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. எந்தப் பொத்தானுக்குள் போனால் இங்கிலீஷ் இருக்கிறது என்பதும் தமிழில்தானே எழுதியிருக்கிறது. அதனால் கேமரா அப்படியே தமிழில் தங்கிவிட்டது.

பணி ஓய்வு அன்று சாயங்காலம் மாமாவை மாலையும் சால்வையுமாக நிற்க வைத்து எடுத்தபோதுதான் அது முதல் முறை கேட்டது. மாமாவே அதைக் கையில் வாங்கி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படித்தாராம். "இன்னும் மூடலப்பா. பென்ஷன் வாங்காம மூடமாட்டேன்" என்றாராம். கூட்டமே சிரித்ததாம். ஒரு வருஷம் திரும்புவதற்குள் அவர் போய்விட்டார்.

இதை எனக்குக் கல்யாணமான புதிதில் என் மாமியார் சொன்னார். பிறகும் பலமுறை சொல்லியிருக்கிறார். "அது கேட்டுச்சு, அவரு போயிட்டாரு. காலைல எல்லாம் நல்லாதான் இருப்பாரு. பொழுது சாஞ்சா தட்டுல சோறு அப்படியே இருக்கும். மெல்ல முடியலன்னுவாரு. பேச்சு மூக்குல வரும். சாயந்திரம் சாயந்திரமா வந்து அது அவரைத் தின்னுச்சு." கடைசியில் மூச்சு விட முடியாமல் போய், நுரையீரலில் சளி என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

நான் திருநெல்வேலிப் பக்கம். வேலைக்காக ஹைதராபாத் வந்து, இந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். இவர்கள் பேசுகிற தமிழில் வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஏன் என்பதற்குக் கைக்கு, ஆமாம் என்பதற்கு ஹவ் என்று ஊர்ப்பேச்சு கலந்து வரும். எனக்குப் பேயைவிடப் பேய்க்கதை சொல்கிறவர்கள்மேல்தான் எரிச்சல் அதிகம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று மனதில் நினைத்துக்கொண்டு, "அப்படியா அத்தை" என்று மட்டும் கேட்டுக்கொள்வேன். அன்று எடுத்த அதே படத்தைத்தான் பெரிதாக்கி, சட்டம் போட்டு, சந்தன மாலையுடன் எங்கள் சந்தாநகர் வீட்டு ஹாலில் மாட்டியிருந்தது. சின்னக் கேமராவில் எடுத்து இழுத்துப் பெரிதாக்கியதால் மாமாவின் முகம் கொஞ்சம் புள்ளி புள்ளியாக இருக்கும்.

போன வருஷம் நான் ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கினேன். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கான ஆரம்ப மாடல்தான், கூடவே வந்த ஒரே லென்ஸ்தான், ஆனாலும் வாங்கியவளுக்கு அது யானை. எங்கள் ஆபீஸில் ஒரு போட்டோ கிளப் உண்டு. அங்கே உள்ள சின்ன வயசுக்காரர்கள் எல்லாம் இப்போது பழைய டிஜிட்டல் கேமராக்களைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். அதில்தான் படத்துக்கு உயிர் இருக்கிறதாம். எனக்கு வந்த கோபத்தில், இரண்டையும் வைத்து ஒரே ஆளை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் எடுத்துக் காட்டுகிறேன், அப்புறம் பேசுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரே ஆள் என் கணவர். சொன்ன இடத்தில் சொன்னபடி உட்காரக்கூடிய மனிதர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

முதல் படங்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் பால்கனியில் எடுத்தவை. நான் எதிர்பார்த்தபடியே இருந்தது. புதிய கேமராவுக்குள் இருக்கும் சென்சார் தபால்தலை அளவு. சின்னதில் சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது. புதியதில் அவருடைய தாடி மயிர் தனித்தனியாகத் தெரிந்தது, பின்னாலிருந்த கட்டடங்கள் மெழுகாக உருகிக் கலந்தன. சின்னதில் முகமும் கட்டடமும் துணிக்கொடியும் ஒன்றுபோலப் பளிச்சென்று தெரிந்தன. ஆனால் சின்னதைக் கையில் எடுத்தால் அவர் சிரித்தார். பெரியதைத் தூக்கினால் ஆதார் அட்டைக்கு உட்காருகிற மாதிரி விறைத்துக்கொண்டார். இதை ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. இருந்தாலும் நியாயமாக இருக்க வேண்டும் என்று குறித்து வைத்தேன்.

அடுத்த நாள் சாயங்காலம் அவர் வேலை முடிந்து வந்ததும் ஹாலில் உட்கார வைத்தேன். பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை. கம்பெனி வேனில் வந்து இறங்கும்போதே பாதி ஆளாக இருப்பார். முதலில் மிரர்லெஸ். பிறகு சின்னது. சின்னது கேட்டது.

"என்னா கேக்குது?" என்றார் அவர்.

நான் படித்துக் காட்டினேன். சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. அத்தை ஈரக்கையோடு வந்து வாசலில் நின்றார்.

எனக்கு உடனே விடை கிடைத்துவிட்டது. அவர் தலைக்குப் பின்னால் சுவரில் மாமாவின் படம். "அத்தை, இது சுவர்ல இருக்கிற மாமாவைப் பார்த்துக் கேக்கு. அவுக கண்ணை மூடினது நிசந்தான. மெஷினு சரியாத்தான் கேட்டிருக்கு" என்றேன். நிரூபித்துவிடலாம் என்று கேமராவை மாமாவின் படத்துக்கு நேராகத் தூக்கினேன். அத்தை குறுக்கே வந்து லென்ஸைக் கையால் பொத்தினார்.

"அவரை எடுக்க நக்கோ" என்றார். அந்தக் குரலில் அவர் அதுவரை என்னிடம் பேசியதில்லை.

சரி என்று விட்டுவிட்டேன். மறுநாள் சாயங்காலம் வேண்டுமென்றே பால்கனியில் உட்கார வைத்தேன். அங்கே மாமாவின் படம் கிடையாது, கொடியில் இரண்டு துண்டுகள்தான். ஞாயிறு காலை அதே இடத்தில், அதே நாற்காலியில் வாயைத் திறக்காத கேமரா இப்போது கேட்டது. அவர் கண் திறந்துதான் இருந்தது. நான் பார்த்துக்கொண்டேதான் எடுத்தேன். மறுபடி எடுத்தேன். மறுபடி கேட்டது.

வெளிச்சம் போதவில்லை, சின்ன சென்சார், இருட்டில் மணல் மணலாகத் தெரிவதைப் பார்த்து உளறுகிறது என்று விளக்கம் சொன்னேன். யாரும் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை. விடிந்ததும் அவரைப் பல் தேய்க்க விடாமல் ஒரு படம் எடுத்தேன், கேட்கவில்லை. சாயங்காலம் வந்தால் கேட்டது. காலையில் பேசாமல் இருந்து பொழுது சாய்ந்ததும் கேட்கிற ஒரு பொருளை மேசையில் வைத்துக்கொண்டு சாப்பிடுவது எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் விளக்கைப் போட்ட பிறகு அதன் லென்ஸ் பக்கத்தைச் சுவர் பார்க்கத் திருப்பி வைக்க ஆரம்பித்திருந்தேன்.

அப்புறம் கேமரா காணாமல் போனது. அத்தைதான் என்று எனக்குத் தெரியும். கேட்டால் அழுவார் என்பதும் தெரியும், அதனால் கேட்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் உலை வைக்க அரிசி டிரம்மைத் திறந்து படியை உள்ளே விட்டேன். அரிசிக்குள்ளிருந்து ர்ர்ர் என்று ஒரு சத்தம் வந்தது. அரிசி ஓரிடத்தில் மெல்ல மேலெழும்பி, பிளந்து, நடுவிலிருந்து ஒரு கண் வெளியே வந்து என்னைப் பார்த்தது. படி பட்டுப் பொத்தான் அமுங்கி லென்ஸ் நீண்டிருக்கிறது, அவ்வளவுதான். அது எனக்குப் புரிவதற்குள் படி கையிலிருந்து விழுந்து சமையலறை முழுக்க அரிசி.

சத்தம் கேட்டு வந்த அத்தை என்னைப் பார்த்தார், டிரம்மைப் பார்த்தார். "என் புள்ளையக் கேக்குதும்மா அது. அவரைக் கேட்டாப்பல இவனையும் கேக்குது" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அது பயம். என் கணவரும் மாமா மாதிரி ஒரு வருஷத்தில் போய்விடுவாரோ என்ற நினைப்பு, படித்து என்ன பயன், எனக்கும் வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை போலாரத்தில் என் கணவரின் நண்பர் வீட்டில் மதியச் சாப்பாடு. ராணுவப் பகுதியை ஒட்டிய பழைய பங்களா, உயரமான கூரை, பேசினால் குரல் கொஞ்சம் தாமதமாகத் திரும்பி வரும். இரண்டு கேமராவையும் எடுத்துப் போயிருந்தேன். அரிசி போன இடத்தில் சின்னக் கேமரா கரகரவென்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் திறந்தது, ஆனால் வேலை செய்தது. கிளம்புகிற நேரம், வெயில் தாழ்ந்து வராந்தாவில் நல்ல வெளிச்சம். எல்லோரையும் சேர்த்து ஒரு படம் எடுத்தேன். கேட்டது.

இன்றைக்கு ஒரு முடிவு கட்டிவிடலாம் என்று ஒவ்வொருவராக, அதே தூணின் பக்கத்தில், அதே வெளிச்சத்தில் நிறுத்தினேன். நண்பரை எடுத்தேன், கேட்கவில்லை. அவர் மனைவியை எடுத்தேன், கேட்கவில்லை. நண்பர் கேமராவை வாங்கி என்னை எடுத்தார், கேட்கவில்லை. அத்தை தூணருகே வரமாட்டேன் என்று படியிறங்கிப் போய் நின்றுகொண்டார். என் கணவரை எடுத்தேன். கேட்டது. தள்ளி நிற்க வைத்து எடுத்தேன். கேட்டது. மரங்களில் பறவைகள் அடைகிற சத்தம் மட்டும் இருந்தது. நண்பரின் மனைவி உள்ளே போய் விளக்கைப் போட்டார்.

"கைக்கு இப்படி முழிக்கிறே? நான் இன்னும் மூடலன்னு சொல்லு அதுக்கிட்ட" என்றார் என் கணவர்.

கிட்டத்தட்ட அவர் அப்பா சொன்னதேதான். அவருக்கு அது நினைவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. படிக்குக் கீழே நின்ற அத்தைக்கு நினைவிருந்தது. அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

அத்தையை நண்பர் தன் காரில் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னதால் நாங்கள் இருவரும் ஸ்கூட்டரில் புறப்பட்டோம். அவர்தான் ஓட்டினார். நான் பின்னால் உட்கார்ந்து பக்கவாட்டுக் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எதிரே விளக்குப் போட்ட வண்டிகள் வரத் தொடங்கியதும், கண்ணாடியில் அவர் இடது கண்ணை இறுக்கி மூடினார். மூடியபடியே ஓட்டினார்.

"ஏங்க, என்ன செய்தீக?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. சாயந்திரம் ஆனா எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது. ஒரு கண்ணை மூடிக்கிட்டா சரியாயிடுது. கொஞ்ச நாளா அப்படித்தான்."

யாராவது கண்ணை மூடினார்களா. வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, சாவியை வாங்கி, வீடு வரை நான் ஓட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பில் மிரர்லெஸ் படங்களைத் திறந்தேன். சின்னது எத்தனை முறை கேட்டாலும், அதன் மங்கலான படங்களைப் பெரிதாக்கினால் புள்ளிகள்தான் தெரிந்தன. புதியதில் கண்ணை மட்டும் திரை முழுக்க விரிக்க முடிந்தது. காலைப் படத்தையும் சாயங்காலப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். காலையில் இரண்டு இமைகளும் ஒரே உயரம். சாயங்காலம் இடது இமை இறங்கியிருந்தது. பாதி இறக்கிய கடை ஷட்டர் மாதிரி, கண்மணியின் மேல் பாதியை மூடியிருந்தது. நாள்தோறும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட எனக்கு அது தெரியவில்லை. களைப்பு என்று நினைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். மிரர்லெஸ் கேமரா கண்ணைத் தேடிப் பிடித்து அதில் ஃபோகஸ் செய்யும். அதற்காகத்தான் அதை வாங்கினேன். எந்தக் கண்ணைப் பிடித்தது என்று ஒவ்வொரு படமாகப் பார்த்தேன். காலையில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடித்திருந்தது. சாயங்காலங்களில் வலது கண்ணை மட்டுமே. விலை கூடிய கேமரா, நல்ல கண்ணாகப் பார்த்து அதைப் பளிச்சென்று எடுத்துக் கொடுத்துவிட்டு, மற்றதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நானும் படம் அருமை என்று மெச்சிக்கொண்டிருந்தேன். அந்தப் படங்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

நரம்பு மருத்துவரிடம் அத்தையும் கூட வந்தார், வேண்டாமென்றாலும் கேட்கவில்லை. நான் லேப்டாப்பைத் திறந்து படங்களைக் காட்டினேன். மருத்துவரம்மாள் இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு முதலில் கேட்டது இதுதான்: காலையில் சரியாக இருந்து, சாயங்காலமானால் அதிகமாகிறதா? ஆமாம் என்றேன். நர்ஸ் ஒரு கையுறையில் ஐஸ் போட்டு முடிந்து கொண்டுவந்தார். அதை என் கணவரின் இடது இமையில் வைத்துக் கொஞ்ச நேரம் பிடித்தார்கள். எடுத்தபோது இமை மேலே ஏறியிருந்தது. ஷட்டரைத் தூக்கிய மாதிரி கண் முழுசாகத் திறந்து என்னைப் பார்த்தது. அத்தை ஏதோ முனகிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார்.

நரம்பு சொல்வதைத் தசை கேட்க முடியாமல் சோர்ந்துபோகிற நோய் என்று மருத்துவர் விளக்கினார். உழைக்க உழைக்கத் தசை ஓயும், அதனால்தான் சாயங்காலம். கண்ணில் ஆரம்பிக்கும். விட்டுவிட்டால் மெல்லுகிற தசை, பேசுகிற தசை, கடைசியில் மூச்சு விடுகிற தசை வரை போகும். ஆரம்பத்திலேயே காட்ட வந்துவிட்டதால் மாத்திரையில் பிடித்துவிடலாம் என்றார். இரத்தமும் மார்பு ஸ்கேனும் பார்த்தார்கள். குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டதற்கு என் கணவர் இல்லை என்றார். அபூர்வமாகத்தான் ஒரே வீட்டில் இருவருக்கு வரும், கேட்டு வைக்க வேண்டியது என் கடமை என்றார் மருத்துவர்.

நான் திரும்பி அத்தையைப் பார்த்தேன். அவர் தன் மகனைப் பார்க்கவில்லை, மருத்துவரையும் பார்க்கவில்லை. அந்தக் காலத்தில் மாமாவின் தட்டில் அப்படியே இருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

மாத்திரை பிடித்துக்கொண்டது. சில வாரங்களில் அவருக்குச் சாயங்காலங்களிலும் எல்லாம் ஒன்றாகத் தெரிந்தது. போட்டோ கிளப்பில் நான் படங்களைக் காட்டவில்லை. எந்தக் கேமரா மேல் என்று கேட்டார்கள், இரண்டும் வேண்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு நாள் பொழுது சாய்கிற நேரம், அத்தை தாமே சின்னக் கேமராவை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். இந்தக் கேமராவை அவர் கையில் எடுத்து நான் பார்த்ததில்லை. அரிசியில் புதைத்ததைக் கணக்கில் சேர்க்கவில்லை. முதலில் மகனை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். மூவரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கேமரா ஒன்றும் கேட்கவில்லை. என் கணவர் பெருமூச்சு விட்டுவிட்டு டிவி பக்கம் போனார்.

அத்தை போகவில்லை. சந்தன மாலையைச் சட்டத்திலிருந்து கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இப்ப அவரை எடு" என்றார்.

மாமாவின் முகம் திரையை நிறைக்கும்படி கிட்டப் போய் எடுத்தேன். அந்த வெளிச்சத்தில், அந்தப் புள்ளி புள்ளியான முகத்தில், இடது இமை எங்கே இறங்கி நிற்கிறது என்று இப்போது எனக்குத் தெரிந்தது. கரகரவென்று ஒரு சத்தம், ஒரு கணம் திரை இருட்டு, பிறகு கேள்வி வந்தது.

அத்தை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, குனிந்து, எழுத்துக்கூட்டி அதைப் படித்தார். கேமராவிடம்தான் பேசினார்.

"ஹவ், மூடிட்டாரு. நீ அன்னிக்கே கேட்டே. நாங்கதான் சிரிச்சோம்."